வண்டி நம்பர் தெரியுமா?

(லாரி ஓட்டுநர் குடும்பங்களுக்காக முக்கூடலில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மடியில் பீடிச் சொளவோடு வந்து உட்கார்ந்திருக்கும் அக்காமார் யாரும் எனக்காகக் கையை நிறுத்த வேண்டாம். நான் பேசி முடிப்பதற்குள் நாலு கட்டாவது முடிந்தால் எனக்கும் சந்தோஷம்தான்.

நான் திருநெல்வேலியில் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிற வழக்கறிஞர். என் அறைக்கு வருகிறவர்கள் நல்ல சேதியோடு வருவதில்லை. லாரிக்குப் போன கணவருக்கு ஆந்திராவிலோ மகாராஷ்டிராவிலோ ஏதோ ஆகிவிட்டது என்று, மாமனாரையோ தம்பியையோ கூட்டிக்கொண்டு ஒரு பெண் வருவார். நான் முதலில் கேட்பது, "வண்டி நம்பர் என்னம்மா?" பெரும்பாலும் பதில் வராது. "சிவப்பு வண்டி சார். முன்னால முருகர் படம் இருக்கும்" என்பார். ஓனர் பெயர் கேட்டால், "நாமக்கல்காரர்னு சொல்லுவாக." சம்பளம் எவ்வளவு? "அவுக எங்கிட்ட சொன்னதில்ல." கேட்டதில்லையா என்றால் தலை குனிந்துகொள்வார்.

இன்றைய கூட்டத்துக்குத் தந்திருக்கும் தலைப்பு, 'புதிதாக லைனுக்குப் போகும் கணவருக்கு உறுதுணையாக இருப்பது எப்படி'. அதைப் பார்த்ததும், பொறுமையாக இருங்கள், விரதம் இருங்கள், போனில் சிரித்துப் பேசுங்கள் என்று புத்திமதி வரப்போகிறது என நினைத்திருப்பீர்கள். பொறுமை உங்களிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது, அதற்கு நான் பேச வேண்டியதில்லை. உங்களிடம் யாரும் தராமல் வைத்திருப்பது தகவல். 'வீட்ல சொல்லாத, பயந்துருவா' என்ற நல்லெண்ணம் இருக்கிறதே, லாரித் தொழிலில் நான் பார்த்த கேடுகளில் பாதிக்கு அதுதான் காரணம்.

இந்த வழக்கம் எப்போது வந்தது? பழைய காலத்தில் இப்படி இல்லை. சங்க காலத்தில் நெடுந்தூரம் சரக்கு ஏற்றிப் போனவர்கள் உமணர்கள், உப்பு வணிகர்கள். அவர்கள் குடும்பத்தோடுதான் போனார்கள். உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் அந்த வண்டிகள் வரிசையாகப் போகிற காட்சி வருகிறது. கைக்குழந்தையோடு வண்டியில் உட்கார்ந்து எருதை ஓட்டுகிறவள் பெண். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியை, உமணர்கள் வண்டிக்கு அடியில் கட்டிவைத்திருக்கும் சேம அச்சோடு ஒப்பிடுகிறார். வழியில் அச்சு முறிந்தால் மாட்டுவதற்கு இன்னொன்று. இன்றைக்கு நாம் ஸ்டெப்னி என்கிறோம். நம் ஆறு கடலில் சேர்கிற பக்கமெல்லாம் இப்போதும் உப்பளம்தான், தூத்துக்குடி உப்பு இப்போதும் வண்டி ஏறுகிறது. சரக்கு மாறவில்லை. ஓட்டுகிற இடத்தில் இருந்த பெண்தான் இறங்கிவிட்டாள். அல்லது இறக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, வயதான மாமியார், பீடிக்கடைப் பாஸ்புத்தகம் என்று அவளை ஊரில் கட்டிப்போட நூறு காரணங்கள் உண்டு. ஆனால் வண்டியிலிருந்து இறங்கியவள் தொழிலிலிருந்தும் இறங்கிவிட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

சரி, இப்போது ஒருவர் எப்படி டிரைவர் ஆகிறார்? முன்பு வழி ஒன்றுதான். கிளீனராக ஏறுவார். தார்ப்பாய் கட்டுவார், டயர் தட்டிப் பார்ப்பார், டிரைவருக்குச் சோறு பொங்குவார். ராத்திரி ரோடு காலியாக இருக்கும்போது டிரைவர் ஸ்டீயரிங்கைக் கொடுப்பார். இரண்டு மூன்று வருஷம் போனால் கை பழகிவிடும். லைசென்ஸ் அதற்கப்புறம். இப்போது முதலில் இலகுரக வாகன லைசென்ஸ், அதை எடுத்து ஒரு வருஷம் கழித்துத்தான் ஹெவி. முன்பு எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்று இருந்ததை 2019-ல் எடுத்துவிட்டார்கள். பாதியில் படிப்பை விட்டவர்களுக்கு அது ஒரு வாசல்.

ஆனால் இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. பல வண்டிகளில் கிளீனர் கிடையாது. வாடகை கட்டுபடியாகவில்லை, ஆள் கிடைக்கவில்லை என்று ஓனர்கள் சொல்கிறார்கள். ஒற்றை டிரைவர், பதினாலு சக்கர வண்டி, கங்கைகொண்டானில் லோடு ஏற்றினால் நாக்பூர் தாண்டிப் போக வேண்டும். திருநெல்வேலி வழியாகப் போகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலையின் மறுமுனை ஸ்ரீநகரில் இருக்கிறது. அந்த நீளத்தில் ஒரு மனிதன் தனியாக. கிளீனர் உட்கார்ந்த இடத்தில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார் தெரியுமா? நீங்கள்தான். செல்போன் வழியாக.

இதை நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்லியாக வேண்டும். ராத்திரி பன்னிரண்டு, ஒரு மணிக்கு அவர் கூப்பிடுவார். "தூக்கம் வருது, ஏதாவது பேசிட்டு இரு." நீங்களும் பிள்ளையைத் தட்டிக்கொண்டே பேசுவீர்கள். மாமியார் சொன்னது, தெருவில் நடந்தது, கோயில் கொடைக்கு வரி வாங்க வந்தது, எல்லாம். ரெண்டு மணி, மூணு மணி வரைக்கும் போகும். அன்பால்தான் செய்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அதைச் செய்யாதீர்கள். பேச்சு கேட்டால்தான் முழித்திருக்க முடியும் என்ற நிலைக்கு வந்தவருக்குப் பேச்சு மருந்தாகாது, தூக்கம்தான் மருந்து. 1997-ல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். பதினேழு மணி நேரம் தூங்காமல் இருந்தவரின் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் கலந்தவரைப் போல வேலை செய்தன. நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் அனுமதித்த அளவு 30 மில்லிகிராம். குடிக்காமலே குடித்தவரின் நிலைக்கு மேல் போய்விடுகிறார். காலையில் ஏழு மணிக்கு எழுந்தவருக்குப் பதினேழாவது மணி நேரம் நடுராத்திரியில்தான் முடிகிறது.

அந்த நேரத்தில் போன் வந்தால் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. "ஓரமா போடுங்க. தூங்கி எழுந்து கூப்பிடுங்க." லோடு லேட்டானால் ஓனர் திட்டுவார் என்பார். திட்டட்டும். 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்றது. நெடுந்தூரத்துக்குத் தனி அனுமதி வாங்கினாலும் பத்து மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற நிறுவனங்களுக்கு என்று எழுதிய சட்டம் அது. நம் பக்கம் லாரி வைத்திருப்பவர்கள் பலரும் ஒன்றிரண்டு வண்டிக்காரர்கள், அதனால் அந்தச் சட்டம் அவர்கள் வாசலுக்கு வந்ததே இல்லை. அமெரிக்காவில் ஒரு லாரி டிரைவர் பதினொரு மணி நேரம் ஓட்டினால் தொடர்ந்து பத்து மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும். 2017 டிசம்பரிலிருந்து அதை வண்டிக்குள் இருக்கும் கருவியே பதிவு செய்கிறது. இங்கே அப்படிக் கருவி கிடையாது. உங்கள் குரல்தான் இருக்கிறது, அதை எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று யோசியுங்கள்.

அடுத்தது காசு. இதில் உங்களுக்கு நான் கற்றுத் தர ஒன்றுமில்லை, நீங்கள்தான் அவருக்குக் கற்றுத் தர வேண்டும். பீடிக்கடையில் இலையும் தூளும் நிறுத்துத் தருகிறான். இத்தனை ஆயிரம் பீடி திரும்ப வர வேண்டும் என்கிறான். இலை மோசமாக இருந்தால் உங்கள் கைக்காசைப் போட்டு வெளியில் இலை வாங்கிச் சுற்றுகிறீர்கள். கணக்குப் பார்க்கிறவர் நாலு பீடியைக் கழித்துப் போட்டால் அதுவும் உங்கள் தலையில். லாரி டிரைவரின் அட்வான்ஸும் இதே கதைதான். டீசல், டோல், ஏற்றுக்கூலி, பஞ்சர், வழியில் கொடுக்கிற மாமூல் எல்லாவற்றுக்கும் ஒரு தொகை கொடுத்து அனுப்புவார்கள். நடை முடிந்து வந்ததும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். துண்டு விழுந்தால் படியில் பிடிப்பார்கள். சரக்கு குறைந்தாலும், தார்ப்பாய் கிழிந்து நனைந்தாலும் பிடிப்பு. பழைய டிரைவருக்கு எதற்குச் சீட்டு வாங்க வேண்டும், எதை வாயால் சொன்னால் போதும் என்று தெரியும். புதியவருக்குத் தெரியாது. முதல் நாலைந்து நடையில் சம்பாதித்ததைவிட விட்டது அதிகம் என்று ஆகிறது, மனுஷன் வெறுத்துப்போகிறார்.

அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். தினம் வண்டியை நிறுத்தியதும் அன்றைய சீட்டுகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் எழுதுங்கள். ஓனர் ஜிபேயில் பணம் போட்டால் அந்தக் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். ரொக்கமாகக் கொடுத்தால் தேதியோடு குறித்துவையுங்கள். இந்த நோட்டு வெறும் சிக்கனத்துக்காக இல்லை, ஏன் என்று சொல்கிறேன்.

வேலையில் இருக்கும்போது டிரைவருக்கு மரணமோ பெரிய காயமோ ஏற்பட்டால் இழப்பீடு கேட்கத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. 1923-ல் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. டிரைவர் மீதே தப்பு என்று போலீஸ் எழுதியிருந்தாலும் இந்த வழியில் கேட்கலாம். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகிற வழி வேறு. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், அதை அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். இழப்பீட்டுத் தொகையைக் கணக்கிட அடிப்படை மாதச் சம்பளமும் வயதும். சம்பளத்துக்குத் துண்டுச் சீட்டுகூட இல்லை என்றால், 'எங்களிடம் அவர் வேலையே பார்க்கவில்லை' என்று சொல்லவும் ஆள் உண்டு. உங்கள் கையெழுத்தில் இருக்கிற அந்த நாற்பது பக்க நோட்டை நான் நீதிமன்றத்தில் சான்றாக வைக்க முடியும். முருகர் படம் போட்ட சிவப்பு வண்டியை வைக்க முடியாது.

நோட்டின் முதல் பக்கத்தில் வண்டி நம்பர். ஒவ்வொரு முறை வண்டி மாறும்போதும் புது நம்பர். ஓனர் பெயர், ஊர், போன். புக்கிங் ஆபீஸ் எது. ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., பெர்மிட் நாலையும் ஏறுகிற அன்றைக்கே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் முடிந்த வண்டியில் ஏறாதே என்று சொல்லும் தைரியம் புதியவருக்கு வராது. "எம் பொஞ்சாதி சத்தம் போடுதா அண்ணாச்சி" என்று உங்கள் மீது பழியைப் போட்டாவது அவர் தப்பிக்கட்டும். அந்தப் பழியை ஏற்றுக்கொள்வதும் உறுதுணைதான்.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். பாஸ் வைத்துப் பீடி சுற்றுகிற உங்களுக்கு பி.எஃப். பிடிக்கிறார்கள். பதினாலு சக்கர வண்டி ஓட்டுகிற அவருக்குப் பெரும்பாலும் கிடையாது. வீட்டில் நிரந்தர வருமானம் யாருடையது என்று யாராவது கேட்டால் தயங்காமல் கையைத் தூக்குங்கள். அவருக்காக அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியம் இருக்கிறது. பிள்ளைகள் படிப்பு, திருமணம், விபத்து மரணம், முதுமை ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. தொழிலாளர் அலுவலகத்தில் பதியலாம், உரிய காலத்தில் புதுப்பிக்க மறக்கக் கூடாது. வங்கிக் கணக்கிலிருந்து வருஷத்துக்கு 20 ரூபாய் பிடித்து 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தருகிற பிரதமர் சுரக்ஷா திட்டத்தில் கையெழுத்துப் போட்டாயிற்றா என்று இன்றைக்கே பாருங்கள். ஒரு டீ, வடையின் விலைதான்.

விபத்தில் அடுத்தவருக்கு அடிபட்டால்? 2024 ஜனவரியில் நாட்டின் பல பகுதிகளில் லாரிகள் நின்றது நினைவிருக்கும். புதிய நியாயச் சட்டத்தில், ஆள் சாகும்படி அடித்துவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்து ஆண்டு வரை சிறை என்று ஒரு பிரிவு வைத்தார்கள். போராட்டத்துக்குப் பின், 2024 ஜூலை 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஒரு பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். டிரைவர்கள் ஓடுவது தண்டனைக்குப் பயந்து என்பதைவிடக் கூட்டத்துக்குப் பயந்துதான். நடுரோட்டில் அடித்தே கொன்றுவிடுவார்கள் என்ற பயம் பொய்யில்லை. பழைய மோட்டார் வாகனச் சட்டமும் அதைப் புரிந்துதான் எழுதப்பட்டிருக்கிறது. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி தேடு, கூட்டத்தின் ஆவேசத்தால் அது முடியாவிட்டாலும் காவல் நிலையத்தில் தகவல் சொல் என்கிறது. பதறிப்போய் அவர் முதலில் கூப்பிடுவது உங்களைத்தான். "எப்படியாவது வீட்டுக்கு வந்துருங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "108-க்கு அடிச்சீங்களா? பக்கத்து ஸ்டேஷன் எது? அங்க போயி உக்காருங்க." இதைச் சொல்லப் பழகிவையுங்கள்.

இனி சொல்வதைக் கேட்டுச் சிலர் முகத்தைத் திருப்பலாம், பரவாயில்லை. 1990-களில் நாமக்கல்லில் லாரித் தொழிலோடு எச்.ஐ.வி. எப்படிப் பரவியது என்பது மறக்கக் கூடாத வரலாறு. லாரி ஓட்டுநரைத் திருமணம் செய்து, அவர் வழியாகத் தொற்று வந்து, இருபது வயதைச் சுற்றி விதவையான ஒரு நாமக்கல் பெண், அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. 1998-ல் தொற்றுள்ள பெண்களுக்கென்றே ஒரு கூட்டமைப்பைச் சென்னையில் தொடங்கினார். பெயர் கௌசல்யா பெரியசாமி. அவர் கதையில் நான் பார்ப்பது ஒன்றுதான்: பெண்ணுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. இன்று மருந்து இருக்கிறது, அரசு மருத்துவமனையில் இலவசப் பரிசோதனை இருக்கிறது. ஆணுறையைப் பற்றிக் கணவரிடம் பேசுவது சந்தேகப்படுவதாகாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், முதுகு வலி, மூல நோய் என்று எல்லாவற்றையும் கேட்கிற வரிசையில் இதையும் கேளுங்கள். உடம்பு அவருடையது, ஆனால் உங்களுடையதும்தான். அடுத்தது கேபின் வெக்கை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற லாரிகளில் டிரைவர் கேபினுக்குக் கட்டாயம் ஏ.சி. இருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நல்லதுதான், ஆனால் புதிய டிரைவருக்கு யார் புதிய வண்டியைத் தருவார்கள்? ஷெட்டில் இருக்கிற ஓட்டை வண்டிதான் கிடைக்கும். தண்ணீர்க் கேனும் உப்புப் போட்ட மோரும் அவருக்கு இன்னும் சில வருஷம் வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வருகிற நாளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், ஒவ்வொரு வீடும் ஒரு மாதிரி. ஒன்று மட்டும். அவர் பதினைந்து நாள் இல்லாதபோது பிள்ளையின் பள்ளிக்கூடம், கேஸ், சீட்டு, மாமியாரின் கண் ஆபரேஷன் எல்லாம் நீங்கள் முடிவெடுத்து நடத்தியிருப்பீர்கள். வந்த அன்று சாயங்காலமே அவர் அதிகாரியாகி, 'யாரைக் கேட்டுச் செஞ்ச' என்று தொடங்கினால் வீடு ரெண்டுபடும். கணவன்மார் பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கிறீர்கள், தெரிகிறது. நீங்கள் இல்லாதபோது எடுத்த முடிவை, நீங்கள் வந்த பிறகு மாற்றாதீர்கள். அக்காமாரே, நீங்களும் அவர் வந்து இறங்கியதும் பதினைந்து நாள் வழக்கையும் ஒரே மூச்சில் வாசிக்காதீர்கள். முதல் நாள் தூங்கட்டும். ஆற்றில் போய் ஒரு முழுக்குப் போட்டு வரட்டும்.

முதல் லைனே வடக்கே வேண்டாம் என்பது என் கருத்து. பாவூர்சத்திரத்தில் காய்கறி ஏற்றிப் புளியரை வழியாகக் கேரளா போய்த் திரும்புகிற வண்டி இருக்கிறது, தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அடிக்கிற வண்டி இருக்கிறது. காசு குறைவுதான். ஆனால் மலைப்பாதையில் கியர் பழகும், துறைமுகத்தில் காத்துக் கிடக்கப் பழகும், ரெண்டு நாளைக்கு ஒரு தரம் வீட்டுச் சோறும் கிடைக்கும். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து நாக்பூர் எங்கேயும் ஓடிவிடாது.

கூடவே ஏறிப் போக முடியுமா என்று போன கூட்டத்தில் ஒரு தங்கச்சி கேட்டது. முடியும். கோட்டயம் பக்கம் ஏற்றுமானூரைச் சேர்ந்த ஜலஜா ரதீஷ் கணவரோடு சேர்ந்து காஷ்மீர் வரைக்கும் லாரி ஓட்டிப் போனவர். அவர்கள் குடும்பத்தின் புத்தேட்டு யூடியூப் படங்களை இங்கே பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் கணவன் மனைவி மாறி மாறி ஓட்டுவது சாதாரணம், ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்னால் படுத்திருப்பார். அங்கே வழியெல்லாம் குளிக்க, கழிப்பறை போக இடம் உண்டு. நம் நெடுஞ்சாலையில் ஆணுக்கே சரியான இடம் இல்லை. அதனால் போகாதே என்று நான் சொல்ல மாட்டேன், முதலில் அந்த இடங்களைக் கேளுங்கள் என்பேன். லைசென்ஸ் எடுத்து வைத்துக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது.

வண்டி உரிமையாளர்கள் நாலைந்து பேர் வந்திருக்கிறீர்கள், உங்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். புதிய டிரைவரை வேலைக்கு எடுக்கும்போது சம்பளம், படி, வண்டி நம்பர் எழுதி ஒரு கடிதம் கொடுங்கள், இரண்டு பிரதியாக. ஒன்று அவருக்கு, ஒன்று அவர் வீட்டுக்கு. வெறும் வெள்ளைத் தாள் போதும். வேலைக்கு ஆள் எடுத்தால் நியமனக் கடிதம் தர வேண்டும் என்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் எழுதியிருக்கிறார்கள். இதில் கையெழுத்துப் போட யோசிக்கிற ஓனர் யார் என்று இன்றைக்கே தெரிந்துகொண்டால், அவரிடம் வேலைக்கு அனுப்பலாமா வேண்டாமா என்பதை இந்த அக்காமார் முடிவு செய்துகொள்வார்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். நல வாரிய விண்ணப்பம் வேண்டியவர்கள் வாசல் பக்கம் இருக்கும் மேஜைக்கு வாருங்கள், ஆதாரும் லைசென்ஸ் நகலும் வேண்டும்.